ஹெட்போனுக்குள்ள கேட்ட துடிப்பு

பேய், ஆவின்னு யாராச்சும் பேச்செடுத்தா எந்திரிச்சுப் போயிடற ஆளுங்க நான். ஏற்காட்டுல ஒரு ரிசார்ட்டுல வேலை. இங்க பேய் இருக்காமேன்னு கேக்கற கெஸ்டுங்களுக்கு நானே சிரிச்சுக்கிட்டு நாலு கதை கட்டி உட்டிருக்கேன். இதை நீங்க நம்பணும்னு சொல்லலை, நடந்ததைச் சொல்றேன்.

அப்ப ரிசார்ட்டுல டிஜே மிஷின் ஒண்ணு வாங்கிப் போட்டு, நீயே பழகிக்கடான்னு மேனேஜர் சொல்லிட்டாரு. எனக்கும் ஆசைதான். மத்தியானம் பார்ட்டி ஹால் காலியா இருக்கறப்ப போயி பழகுவேன். ஒரு பாட்டு ஸ்பீக்கர்ல ஓடும், அடுத்த பாட்டை ஹெட்போன்ல ஒரு காதுல கேட்டுக்கிட்டே, ரெண்டோட அடியும் ஒண்ணா உழுகற வரைக்கும் வேகத்தைக் கூட்டிக் குறைக்கணும். அவ்வளவுதான் வேலை, ஆனா எனக்கு வரவே இல்லைங்க, ரெண்டும் தடதடன்னு முன்னபின்ன ஓடும்.

அன்னைக்கு வெளிய ஒரே பனி, எதிர்ல சில்வர் ஓக் மரம்கூடத் தெரியலை. ஸ்பீக்கர்ல ஒரு குத்துப்பாட்டு. ஹெட்போனைக் காதுல வெச்சா, நான் இன்னும் அடுத்த பாட்டைப் போடவே இல்லை, உள்ள டுப்பு டுப்புன்னு ஒரு அடி, வேகமா, தண்ணிக்கு அடியில இருந்து வர்ற மாதிரி. ஏதோ பழைய பாட்டு ஓடுதுன்னு நெனச்சு ஸ்பீக்கர் பாட்டை அதோட வேகத்துக்குக் கூட்டுனேன். நம்புனா நம்புங்க, மொத தடவையா ரெண்டும் ஒட்டிக்கிச்சு. எனக்குச் சந்தோசம் தாங்கலை.

அப்புறம் அது மெதுவாச்சு. நானும் குறைச்சேன். இன்னும் மெதுவாச்சு. உட்டுறக் கூடாதுன்னு கூடவே போறேன், வேகத்தைக் குறைக்கற ஸ்லைடரைக் கீழ கடைசி வரைக்கும் இழுத்துட்டேன், பாடற பொம்பளைக் குரலு ஆம்பளைக் குரலாட்டம் இழுக்குது. அப்பத்தான் பொறி தட்டுச்சு, இந்தச் சத்தத்தை நான் ஸ்கேன் ரூம்ல கேட்டிருக்கேன். எம் பொண்டாட்டி செல்விக்கு அப்ப எட்டு மாசம்.

பாட்டை நிறுத்திட்டேன். காதுலயும் சத்தம் இல்லை.

வண்டியை எடுத்துக்கிட்டு பனிக்குள்ள நாகலூர்ல இருக்கற எங்க வீட்டுக்குப் பறந்தேன். செல்வி வாசல்ல வெங்காயம் உரிச்சுக்கிட்டிருந்தா.

"ஏனுங்க, இந்நேரத்துல வந்துட்டீங்க?"

"புள்ளை அசையுதா?"

"சித்த முந்தித்தானுங்க ஒருக்கா நொம்பத் துள்ளுச்சு"ன்னு சிரிச்சவ, வயித்துல கையை வெச்சா. கையை எடுக்கவே இல்லை. சிரிப்பு மட்டும் போயிருச்சு.

பக்கத்து எஸ்டேட் ஜீப்புல சேலத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். டாக்டரம்மா கருவியை இடம் மாத்தி இடம் மாத்தி வெச்சுப் பாத்தாங்க. அந்த ரூம்ல எந்தச் சத்தமும் வரலைங்க. எடுத்துப் பாத்தா பையன். உசுரு மட்டும் இல்லை, மத்தபடி ஒரு குறையும் இல்லாம இருந்தான். கழுத்துல கொடி சுத்திருச்சுன்னாங்க. திரும்பி வர்றப்ப அவனை நாந்தான் மடியில வெச்சிருந்தேன்.

நான் கேட்டதை அவகிட்ட சொல்லவே இல்லை. அன்னைக்கு ஏன் ஓடி வந்தீங்கன்னு அவளும் கேக்கலை. வருசம் ஓடுச்சு.

போன ஆடியில ஒரு நாள் சோறு போட்டுக்கிட்டே அவளாச் சொன்னா.

"அன்னைக்கு மத்தியானம் என் வயித்துக்குள்ள ஒரு குத்துப்பாட்டு கேட்டுச்சுங்க. மொதல்ல வேகமா, அப்புறம் இழுத்து இழுத்து... அது நின்னப்பத்தான் அவன் கடைசியாத் துள்ளுனான். யாருங்க அதை நிறுத்துனது?"

சோத்துல வெச்ச கை அப்படியே இருந்துச்சு. மொதல்ல நின்னது பாட்டா, அந்தத் துடிப்பான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியலைங்க.