பெருக்குகிறவர்கள் எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்?

பொழிச்சலூரில் ஒரு தையல் கடையின் மாடியில் எங்கள் பெண்கள் அமைப்பு இருக்கிறது. ஆங்கிலத்தில் கடிதம் எழுதுவது என் வேலை. எதை எழுதினாலும், சொன்னவருக்கே தமிழில் படித்துக் காட்டிவிட்டுத்தான் அனுப்ப வேண்டும் என்பது அங்கே கறாரான வழக்கம். எனக்கு அது சுத்த வெட்டிவேலையாகத் தோன்றும்.

பெண்கள் உரிமைக்காக உலக நாடுகள் சேர்ந்து ஒரு குழு வைத்திருக்கின்றன. அதற்கு ஆட்களை நிறுத்துவதும் அரசாங்கங்கள், ஓட்டுப் போடுவதும் அரசாங்கங்கள். நமக்கு ஓட்டு கிடையாது. ஆனால் பல நாட்டு அமைப்புகள் கைகோத்து, நிற்பவர்களுக்குக் கேள்விகள் அனுப்பி, வரும் பதில்களை ஓட்டுப் போடும் நாடுகளின் பிரதிநிதிகளிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும். அந்த முறை எங்களையும் ஒரு கேள்வி எழுதித் தரச் சொல்லியிருந்தார்கள்.

அன்று மாடிக்கு ஒரு பெண் வந்திருந்தார். சிறுசேரியில் ஒரு கம்பெனியில் பெருக்கித் துடைத்தவர். உட்கார்ந்து சாப்பிட இடம் கேட்டதற்காகக் கான்ட்ராக்டர் அவரை நிறுத்திவிட்டார். வேலை போனதைவிட, கேட்டதற்கு யாரும் பதிலே சொல்லாததுதான் அவருக்கு ஆறவில்லை. குழுவுக்கு நிற்பவர்களிடம் என்ன கேட்கலாம் என்று அவரிடமே கேட்டோம். அவர் கொடுத்த கேள்வியை நான் அழகாக்கி, “பணியிட அடிப்படை வசதிகள் குறித்துத் தங்கள் நிலைப்பாடு யாது?” என்று படித்துக் காட்டினேன்.

“இன்னாக்கா இது? நான் கேட்டது இது இல்லியே. எலக்சன்ல நிக்குற அந்தம்மா ஆபீஸப் பெருக்குறவங்க எங்க உக்காந்துகினு சாப்புடுறாங்க, அது அவங்களுக்குத் தெரியுமா? அத்தக் கேளு.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இதையெல்லாம் எவர் மதிப்பார் என்று முணுமுணுத்துக்கொண்டே, அவர் சொன்னபடியே எழுதி அனுப்பினேன்.

பதில்கள் பக்கம் பக்கமாக வந்தன. ஒருவர் மட்டும் நாலே வரி எழுதியிருந்தார். தனக்குத் தெரியாததால் எழுந்து போய்ப் பார்த்தாராம். மாடிப்படிக்கு அடியில் தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்களாம். வெட்கமாக இருக்கிறது என்று முடித்திருந்தார். எங்கோ ஒரு தேசத்தில், அவ்வளவு படித்த ஒரு பெண்மணியை இந்தப் பெண்ணுடைய கேள்வி நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டதே!

அந்தப் பதிலைப் பல நாட்டுப் பிரதிநிதிகள் கேட்டு வாங்கிப் படித்தார்களாம். அதை எழுதியவர் ஜெயித்தார். எங்களால்தான் என்று நான் மார்தட்ட மாட்டேன். ஆனால் அந்த வாரம் முழுக்க எனக்குக் கால் தரையில் படவில்லை.

கோவிலம்பாக்கத்தில் வேறு வேலையில் சேர்ந்துவிட்ட அந்தப் பெண்ணுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னேன்.

“அது சரிக்கா. அவங்களுக்கு வேற எடம் குடுத்தாங்களா, இன்னும் படிக்கட்டாண்டதான் கீறாங்களா?”

எங்களில் ஒருவருக்கும் அதைக் கேட்கத் தோன்றியிருக்கவில்லை. அதை அப்போதே எழுதி, போனிலேயே அவருக்குப் படித்துக் காட்டிவிட்டு, ஜெயித்தவருக்கு அனுப்பினேன்.