எழுபத்திரண்டாம் இலக்கச் சேட்டு

கனடாவில், செயின்ட்-மிஷேலில் ஒரு பெரிய சலவைக்கூடத்தில் பதினொரு வருடம் வேலை செய்தேன். ஆஸ்பத்திரி விரிப்பும் ஹோட்டல் துவாயும்தான் அதிகம் வரும். என் வேலை கிழிந்ததைத் தைப்பது. ஊரில் ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். கதைக்கத் தேவையில்லாத வேலை என்பதால் எனக்கு அது பிடித்திருந்தது.

ஆப்கானிஸ்தானில் கனடாப் படை சண்டை பிடித்துக்கொண்டிருந்த காலம். ஒரு செப்டெம்பரில் புதிதாக ஐந்து மூட்டைகள் வந்தன. அவிழ்த்தால் எல்லாம் சேற்றில் ஊறிய சேட்டுகள். தோள் கிழிந்து, கைப்பக்கம் இரத்தம் பட்டு, ஒவ்வொன்றிலும் பெரிய இலக்கம். படைப் பயிற்சிப் பள்ளியிலிருந்து வந்தவை என்று எங்கள் சுப்பவைசர் சொன்னதும் கையை எடுத்துவிட்டேன். சுப்பவைசர் எங்கட ஆள், மன்னார்ப் பொடியன், முப்பத்தைந்து வயதிருக்கும்.

"ஆரை இப்பிடி அடிச்சவங்கள் தம்பி?"

"ஐயோ அன்ரி, இது விளையாட்டு. அமெரிக்கன் ஃபுட்போல். கையாலதான் பந்தைக் கொண்டு ஓடுறது."

"ஒரு பந்துக்கோ இவ்வளவு இரத்தம்?"

"பந்து வைச்சிருக்கிறவனை விழுத்த வேணும். அதுதான் விளையாட்டே."

ஆமிக்காரரின் உடுப்பைத் தோய்க்கவா கடல் தாண்டி வந்தேன் என்று அன்று முழுவதும் மனதுக்குள் பொருமினேன்.  இரத்தக் கறையைப் பச்சைத் தண்ணீரில் ஊறப் போட்டேன். சுடுதண்ணீர் பட்டால் கறை போகாது.

திங்கட்கிழமைகளில் அந்தப் பள்ளியில் உடுப்புக்குப் பொறுப்பான களஞ்சியக்காரர் வான் வண்டியில் மூட்டைகளைக் கொண்டுவருவார், வெள்ளிக்கிழமை வந்து எடுத்துப் போவார். நரைத்த மீசை, அவசரக்காரர். மூட்டை தூக்க ஒரு விளையாட்டுக்காரரையும் கூட்டி வருவார். கதவு நிலையில் தலை முட்டும் உயரம், என் தையல் மேசை அளவு முதுகு. எழுபத்திரண்டாம் இலக்கம் அவருடையதுதான். இராணுவ லொறி திருத்தப் படித்துக்கொண்டிருந்தார். ஒருநாள் தன் சேட்டை நேராக என் மேசைக்கே கொண்டுவந்து விரித்தார். முதுகில் பெயர் எழுதிய துணித்துண்டு ஒரு பக்கம் பிய்ந்து தொங்கியது. பிரெஞ்சில் ஏதோ சொன்னார். தம்பி எனக்குத் தமிழில் சொன்னார்.

"வடிவா இறுக்கித் தைக்கட்டாம் அன்ரி. தாய்க்காரி வடக்கில இருந்து அஞ்சு மணித்தியாலம் பஸ்ஸில வந்து மட்ச் பாக்கிறவவாம். தலையில கவசம் போட்டா எல்லாரும் ஒரே மாதிரியாம். பேரைப் பாத்துத்தான் கை தட்டுவாவாம்."

இரட்டை நூல் போட்டுத் தைத்துக் கொடுத்தேன். "மெர்சி மதாம்" என்றார். தலையை ஆட்டினேன். இந்த வருட ஆட்டங்கள் முடியும் மட்டும் படிக்கிறவர்களைச் சண்டைக்கு அனுப்பமாட்டோம் என்று பள்ளியில் சொல்லியிருக்கிறார்களாம். அதையும் அவர்தான் தம்பியிடம் சொல்லியிருந்தார்.

கடைசி ஆட்டத்துக்கு முந்திய வியாழக்கிழமை, நாள் தப்பி வான் வந்தது. களஞ்சியக்காரர் மட்டும் இறங்கினார். ஒரே ஒரு சேட்டையும் ஒரு புதிய பெயர்த் துண்டையும் தம்பியின் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். தம்பி அவற்றை என் மேசையில் வைத்தார்.

"எழுபத்திரண்டு, அன்ரி. பழைய பேரைக் கழட்டிப்போட்டு இதைத் தைக்கட்டாம். தோய்ச்சும் குடுக்கட்டாம். நாளைக்கு எடுக்க வருவார்."

"ஏன், அவருக்கு என்ன?"

"விடிய பிளேன் ஏத்தியாச்சாம். அங்க லொறி திருத்த ஆள் இல்லையெண்டு முன்னுக்கே கூப்பிட்டுட்டினம். அவற்ற இடத்தில விளையாடுறவருக்கு இந்தப் பெரிய அளவில வேற சேட்டு இல்லையாம், அதுதான்."

சேட்டைத் தொட்டுப் பார்த்தேன். வியர்வை ஈரம் இன்னும் இருந்தது. முதல்நாள் பின்னேரம் அதைப் போட்டு ஓடியிருக்கிறார். மனிதன் இன்னும் ஆகாயத்தில் இருக்கிறான். அதற்குள் பெயரை வெட்டு என்கிறார்கள்.

எங்களில் ஒருவர் பயணம் வெளிக்கிட்டால், அவர் போய்ச் சேர்ந்த செய்தி வரும்வரை வீடு கூட்டமாட்டோம். அவர் களைந்துவிட்டுப் போன உடுப்பைத் தோய்க்கமாட்டோம். ஆள் போன கையோடு கூட்டிக் கழுவுவது செத்த வீட்டில்தான். மாதா கோயில் பூசைக்குப் போகிற நாங்களும் சரி, ஐயரைக் கூப்பிடுகிறவர்களும் சரி, இதில் எல்லாரும் ஒன்றுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் கணவர் ஒருநாள் காலை வவுனியாவுக்குப் போனார், திரும்பவில்லை. மூன்றாம் மாதம் ஊர் அதிகாரியான விதானையார் எங்கள் குடும்ப அட்டையை வாங்கி, அடிமட்டம் வைத்து அவர் பெயரின் மேல் சிவப்புக் கோடு இழுத்தார். ஆள் இல்லாவிட்டால் அரிசி இல்லை, அதுதான் சட்டம் என்றார். நான் வாய் திறக்காமல் அட்டையை வாங்கிக்கொண்டு வந்தேன். இன்றுவரை எனக்கு ஆறாத கோபம் அந்த விதானையார் மேல் அல்ல, பேசாமல் நின்ற என் மேல்தான்.

"நான் செய்யமாட்டன் தம்பி," என்றேன்.

அவர் சிரித்தார். "என்ன அன்ரி பகிடியே?"

"அவர் போய்ச் சேரட்டும். பேந்து தோய்க்கிறன், கழட்டுறன், என்ன வேணுமெண்டாலும் செய்யிறன்."

"இது கனடா, அன்ரி. உங்கட வழக்கம் பாத்தோ அவங்கள் பிளேன் விடுறாங்கள்?"

"பிளேனை நான் மறிக்கேல்லை. சேட்டைத்தான் மறிக்கிறன்."

"உங்களைப் பாவம் எண்டு வைச்சிருக்கிறன். மேல தெரிஞ்சா நாளைக்கு வேலை இல்லை, சொல்லிப்போட்டன்."

சொல்லட்டும் என்று இருந்தேன். தம்பி கோபத்தில் தானே ஒரு சவர பிளேட்டை எடுத்துப் பெயர்த் துண்டைப் பிரிக்கத் தொடங்கினார். ஊசி பிடித்துப் பழகாத கை. நான் போட்ட இரட்டை நூல் விடவில்லை. இழுத்து வெட்டியதில் பிளேட் வழுக்கி, சேட்டு ஒரு சாண் கிழிந்தது. பிளேட்டை மேசையில் போட்டார்.

"அன்ரி, கிழிச்சுப்போட்டன்."

"கிழிச்சது நீர். நீரே தையும்."

"கோவிக்காதேங்கோ அன்ரி. என்ர வேலைக்கும் உலை வைக்கப்போறியளே?"

கிழிசலைத் தைத்தேன், இல்லையென்று சொல்லவில்லை. தைத்துவிட்டு, பாதி பிரிந்து கிடந்த பழைய பெயரையும் அதன் இடத்தில் வைத்து மறுபடி இறுக்கித் தைத்தேன். தோய்க்காமல் காற்றாடக் கொடியில் போட்டேன். தம்பி பார்த்துக்கொண்டு நின்றார், தடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை களஞ்சியக்காரர் வந்தார். சேட்டைப் பார்த்தார், மூக்கில் வைத்து மணந்தும் பார்த்தார். சத்தம் போட்டார். தம்பியின் முகம் வெளிறிவிட்டது. நான் மேசையை விட்டு எழும்பிப் போனேன். 

"இவரைக் கேளுங்கோ தம்பி, அந்தப் பிள்ளை போய்ச் சேர்ந்திட்டாரோ எண்டு."

தம்பி தயங்கித் தயங்கிக் கேட்டார். அந்த மனிதர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அவர் சொன்னதைத் தம்பி எனக்குத் தாழ்ந்த குரலில் சொன்னார். "தனக்குத் தெரியாதாம். அது தன்ர வேலை இல்லையாம். தன்ர பொறுப்பு உடுப்புத்தானாம்."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சேட்டு எத்தனை, இலக்கம் என்ன, அளவு என்ன என்று அத்தனையும் கொப்பியில் வைத்திருக்கிறார். அதற்குள் இருந்த பிள்ளை எங்கே என்று கேட்டால் தெரியாது. "அப்ப பேர் உடுப்பில சேராது, அது ஆளோட சேர்ந்தது. அதைக் கழட்டச் சொல்ல உமக்கு என்ன உரிமை எண்டு கேளும்," என்றேன். தம்பி அதை மொழிபெயர்த்தாரோ, விழுங்கினாரோ தெரியாது. களஞ்சியக்காரர் நேரத்தைப் பார்த்தார். வானிலிருந்து ஒரு கறுப்பு டேப் எடுத்துவந்து பெயரின் மேல் நீளமாக ஒட்டி, சேட்டைச் சுருட்டிக்கொண்டு போனார். ஒட்டட்டும் என்று விட்டேன். வெட்டவில்லைத்தானே.

திங்கட்கிழமை மூட்டைகள் வந்தன. வென்றார்களாம். எழுபத்திரண்டைத் தேடி எடுத்தேன். சேற்றில் டேப் எங்கேயோ உரிந்து போயிருந்தது. பெயர் அசையவில்லை. களஞ்சியக்காரர் வெளிக்கிடும்போது தம்பியிடம் ஏதோ சொல்லிவிட்டு, என் பக்கம் பார்க்காமல் போனார்.

"ஃபோன் பண்ணிக் கேட்டவராம் அன்ரி. சனிக்கிழமையே போய்ச் சேர்ந்திட்டாராம்."

சேட்டைப் பச்சைத் தண்ணீரில் போட்டேன். காய்ந்த பிறகு பெயரைப் பிரித்தெடுக்க எனக்குக் கொஞ்ச நேரமே ஆனது. ஒரு ஃபோன். அவ்வளவுதான் செலவு. அதைச் செய்விக்க ஒரு கிழவி சண்டை பிடிக்க வேண்டியிருந்தது.

அடுத்த வருடம் அந்த மூட்டைகள் எங்களிடம் வரவில்லை. என் வாயால்தான் என்று தம்பி சொல்லிக் காட்டினார். இருக்கட்டும். எழுபத்திரண்டாம் இலக்கக்காரர் திரும்பி வந்தாரா என்று அந்தப் பள்ளிக்கு ஃபோன் எடுத்துக் கேட்கத் தம்பியிடம் சொன்னேன். எடுத்தார். நீங்கள் என்ன உறவு என்று கேட்டார்களாம். சலவைக்கூடம் என்று சொல்லியிருக்கிறார். உறவில்லாதவர்களுக்குச் சொல்வதில்லை என்று வைத்துவிட்டார்களாம்.

பெயரை வெட்ட மட்டும் என்ன உறவு என்று கேட்காமல் சேட்டைத் தந்தார்கள்.