யானை நின்ற பக்கம்

ஆறாம் தரத்தில் படித்தபோது, போகாத நான்கு இடங்களுக்குப் போய்வந்ததாக நான் ஒரு கட்டுரை எழுதினேன். 'நான் சென்ற சுற்றுலா' என்பது தலைப்பு. சுற்றுலாவே போகாதவர்கள் என்ன எழுதுவது என்று வகுப்பாசிரியரான சேர் சொல்லவில்லை. வகுப்பில் முக்கால்வாசிப் பேர் கதிர்காமத்தை எழுதினார்கள், அதுவும் கைப்பிள்ளையாகப் போனது. எனக்கு ஒன்றோடு நிற்க மனம் வரவில்லை. ஹோர்ட்டன் சமவெளியில் உலக முடிவு என்ற பாதாளம், உடவளவை யானைகள், புதுருவாகலவில் பாறையில் செதுக்கிய சிலைகள், பதுளைக்கு அப்பால் போகொட மரப்பாலம் என்று நான்கையும் எடுத்துக்கொண்டேன். பாதி பாடப் புத்தகத்தில் இருந்தது. மீதி, ஹல்துமுல்லைக் கடையில் கருவாடு சுற்றித் தந்த பத்திரிகைத் தாளில் இருந்தது.

எங்கே தங்கினோம் என்று எழுதும் இடத்தில்தான் பேனா நின்றது. எனக்கு ஒரு ஹோட்டலின் பெயரும் தெரியாது. அதனால், 'எங்கள் தேயிலைத் தோட்ட லயத்திலேயே தங்கியிருந்து, நாளுக்கோர் இடமாகச் சென்று, மாலையில் திரும்பி வந்தோம்' என்று எழுதிவிட்டேன். சேருக்கு அந்த வரிதான் மிகவும் பிடித்தது. "ஒரு எடத்துல தங்கி நாலு எடம் பாக்குறது. வெள்ளைக்காரன்தான் இப்பிடிப் பிளான் போடுவான்" என்று வகுப்புக்கே வாசித்துக் காட்டினார். பிறகு, ஆகஸ்ட் லீவு முடிந்து வரும்போது போட்டோக்களைக் கொண்டுவந்தால் சுவரில் ஒட்டலாம் என்றார்.

பொய்யை ஒத்துக்கொள்ளலாம் என்று எனக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. அதை உண்மையாக்கிவிடுவது என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

காலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் திட்டம் எழுதினேன். விடுமுறையில் மூன்று ஞாயிறும் பௌர்ணமிக்கு விடும் ஒரு போயாவும் வந்தன. நான்கு நாள், நான்கு இடம். அம்மாவின் தம்பியான மாமாவுக்கு ஆட்டோ இருந்தது. விடியுமுன் புறப்பட வேண்டும், மாடு கறக்கும் நேரத்துக்குத் திரும்ப வேண்டும், மறுநாள் காலை அம்மா பெரட்டுக் களத்தில் வேலைக்குப் பேர் கொடுக்க நிற்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மணிக்கணக்கு போட்டு அடியில் சிவப்புக் கோடு இழுத்தேன்.

அப்பா ராத்திரிச் சாப்பாட்டில் கேட்டுவிட்டுச் சிரித்தார். "யானை பாக்க டிக்கெட் எடுக்கப் போறாராம் தொரை. போன மாசம் தண்ணிப் பீலிக்கரைக்குப் பன்னி வந்துச்சே, ஒனக்குச் சும்மாதானேடா காட்டுனேன்?" அவருக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. கொழுந்து வாடும் மாடிக்கு ஞாயிறும் கிடையாது, போயாவும் கிடையாது. தான் வரவில்லை, மாட்டைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். அதையும் திட்டத்தில் குறித்துக்கொண்டேன்.

அம்மா சிரிக்கவில்லை. அவளுக்கு வேறு ஒரு கவலை இருந்தது.

எங்கள் லயத்தில் வரிசையாக எட்டுக் காம்பரா, குடும்பத்துக்கு ஒன்று. எங்களுடையது கடைசி, மலையை ஒட்டியது. அடுப்படிச் சுவரில் ஒரு வெடிப்பு இருந்தது. வருடா வருடம் அம்மா அதைக் களிமண்ணால் பூசுவாள், அதுவும் வருடா வருடம் திறக்கும். அந்த வருடம் பூசுவதை விட்டுவிட்டு வெடிப்புக்குள் ஒரு தீக்குச்சியை இறுக்கி வைத்தாள். பத்து நாளில் குச்சி தானாகக் கீழே விழுந்தது. இரண்டு குச்சியைச் சேர்த்து வைத்தாள். அதுவும் விழுந்தது. நானும் தங்கச்சியும் அதை ஒரு விளையாட்டாக எடுத்துக்கொண்டு, காலையில் யார் முதலில் குச்சியைக் கண்டெடுப்பது என்று போட்டி போட்டோம்.

கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் அப்போதுதான் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். மண்சரிவு அபாயம் பற்றியது. மூன்று மொழியில் அடித்திருந்தார்கள், தமிழ் அடியில் பொடி எழுத்தில் இருந்தது. எங்கள் குடும்பத்தில் வாசிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். அம்மா என்னைக் கூட்டிக்கொண்டுபோய் வாசிக்கச் சொன்னாள். நிறுத்தக் குறிகளில் நின்று, பாடம் ஒப்பிப்பதுபோலத் திருத்தமாக வாசித்தேன். ஒரு வரியை மட்டும் அவள் மூன்று தடவை கேட்டாள்: 'சுவர்களிலும் நிலத்திலும் புதிய வெடிப்புகள் தோன்றுதல்.' மூன்றாம் தடவை, 'தோன்றுதல்' என்பதை அழுத்திச் சொன்னேன். கொழுந்து நிறுக்க நின்ற பெண்கள், புள்ள ரேடியோ மாதிரி வாசிக்குது என்றார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

லயத்தில் யாரும் அந்த நோட்டீஸைப் பெரிதாக எடுக்கவில்லை. அடை மழைக்கு முன்னால் எல்லா வருடமும் ஏதாவது ஒன்று ஒட்டுவார்கள். போ என்பார்களே தவிர, எங்கே போவது என்று சொல்ல மாட்டார்கள். மேலே போய்ப் பார்க்கவும் வழியில்லை. லயத்துக்கு மேலே இருந்த தேயிலை மலை நான் பிறக்கும் முன்பே கைவிடப்பட்டுக் காடாகிவிட்டது. ஆள் உயர மானாப்புல்லும் குளவிக்கூடும்தான். கீழேயிருந்து அண்ணாந்தால் மண்கரை மறைத்துவிடும். மாமாவே ஒருநாள் கத்தியோடு ஏறிப் பார்த்து, குளவி கொட்டிய முகத்தோடு இறங்கி வந்தார்.

நான் திட்டத்தை வாசித்துக் காட்டியபோது அம்மா கேட்டது ஒரே கேள்விதான்.

"இந்த நாலுல எந்த எடத்துலேருந்து பாத்தா நம்ம மலை தெரியும்?"

இது தெரியாதா எனக்கு? அம்மா கொழுந்தெடுக்கும் மலையில் நின்றால், தெற்கே கீழ்நாட்டுச் சமவெளியில் உடவளவைத் தண்ணீர் வெள்ளித் தகடு மாதிரி மின்னும். அங்கிருந்து பார்த்தால் எங்கள் மலையும் தெரியத்தானே வேண்டும்? சொன்னேன்.

"அப்ப மொதல்ல அங்க" என்றாள்.

அம்மாவுக்கு யானை என்றால் அவ்வளவு ஆசை என்று எண்ணிக்கொண்டேன்.

முதல் ஞாயிறு இருட்டோடு புறப்பட்டோம். கச்சான் காற்று வானத்தைத் துடைத்து வைத்திருந்தது. மாமா ஆட்டோவைக் கழுவிச் சந்தனம் வைத்திருந்தார். மூன்று மணிநேரம் மலையிலிருந்து வளைந்து வளைந்து இறங்கி, காட்டின் வாசலுக்கு நேராகப் போய் ஆட்டோவை நிறுத்தினார். காவலர் ஆட்டோவையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார். உள்ளே ஜீப் மட்டும்தான் போகலாமாம். திட்டத்தில் எல்லாம் இருந்தது, இது இல்லை. ஆட்டோவில் யானைக்காட்டுக்குள் போகலாம் என்று நினைத்த முதல் ஆட்கள் நாங்களாகத்தான் இருப்போம்.

"ஆட்டோவப் பாத்தா யானை சிரிக்கும்னு விடமாட்றாங்கடா மருமகனே" என்றார் மாமா. நான் திட்டத் தாளை எடுத்து மறுபடி வாசித்தேன்.

அப்போது ஒரு ஜீப்பிலிருந்து, "நம்ம ஹல்துமுல்லைப் புள்ளயில்லியா இது?" என்று குரல் வந்தது. பண்டாரவளையில் புடவைக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் முதலாளி. தீபாவளிக்கு நாங்கள் துணி எடுப்பது அவர் கடையில்தான். மனைவியோடும் மகனோடும் வந்திருந்தார். "எடம் கிடக்கு, ஏறுங்க தங்கச்சி. தீவாளிக்கு வேற கடைக்குப் போயிராதீங்க, அது போதும்" என்றார் அம்மாவிடம். மாமா வாசலில் நிற்க, அம்மாவும் நானும் தங்கச்சியும் ஏறிக்கொண்டோம். படம் எடுக்க மாமா தன்னுடைய போனை எனக்குத் தந்தார்.

யானைகள் தண்ணீர்க் கரையில் நின்றன. பெரியதும் குட்டியுமாகப் பன்னிரண்டு. முதலாளியின் மகன் கழுத்தில் பைனாகுலர் தொங்கியது. ஆளுக்கொரு தரம் பார்க்கக் கொடுத்தான். அம்மாவின் முறை வந்தது. அவள் அதை வாங்கினாள், யானைகளுக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள், வடக்கே மலைத்தொடரைப் பார்க்கத் தொடங்கினாள்.

ஜீப் டிரைவர் சிரித்தார். "அக்கே, அலி மே பெத்தே!" யானை இந்தப் பக்கம் என்று கையையும் காட்டினார்.

"எங்க ஆளுங்கதான் நோன்புக்கு வானத்தப் பாத்துப் பிறை தேடுவோம், நீங்க எதத் தேடுறீங்க?" என்றார் முதலாளி.

அம்மா திரும்பவில்லை. பைனாகுலரை இறக்கவும் இல்லை. எங்கள் தொழிற்சாலையின் தகரக் கூரை வெயிலில் மின்னுவதை முதலில் பிடித்தாள் என்பதும், அதிலிருந்து இடப்பக்கமாக லயத்துக்கு நகர்ந்தாள் என்பதும் எனக்குப் பிறகு தெரிந்தது. அன்று தெரிந்ததெல்லாம், ஜீப்பில் எல்லோரும் அவளையே பார்த்தார்கள் என்பதும், எனக்குக் காது சுட்டது என்பதும்தான்.

"அம்மா, குட்டி தண்ணில எறங்குது, திரும்பும்மா."

அவள் பைனாகுலரை என் கண்ணில் வைத்தாள். "லயத்துக்கு மேல பாரு. செவப்பா வளைஞ்சு தெரியுதா?"

தெரிந்தது. பச்சைக்கு நடுவே, நகத்தால் அழுத்திய தடம்போல ஒரு சிவப்பு வளைவு.

"ரோட்டா இருக்கும்" என்றேன்.

"அங்க ஏதுடா ரோட்டு?"

எனக்கு யானைதான் அவசரம். பைனாகுலரை அவளிடமே கொடுத்துவிட்டுப் போனைத் தூக்கினேன். ஆனால் ஜீப் நகர்ந்துவிட்டது. பதிந்தது ஒரே படம். அதில் அம்மாவின் பக்கவாட்டு முகமும் பைனாகுலரும் இருந்தன, ஓரத்தில் யானையின் வால் இருந்தது.

லயத்துக்கு மேலே மலை வெடித்திருக்கிறது என்று அன்று மாலை அம்மா அப்பாவிடம் சொன்னாள். "கண்ணாடில பாத்தா எறும்புகூட யானைதான்" என்றார் அப்பா. அவள் சண்டை போடவில்லை. திங்கட்கிழமை மாலை வேலை விட்டதும் கணக்குப்பிள்ளையிடம் போனாள். செவ்வாய் தோட்ட மேலாளரான பெரியதுரையின் ஆபீஸ் வாசலில் நின்றாள். புதன் மறுபடியும் நின்றாள். அந்த வாரம் முடிவதற்குள், தொழிற்சாலைக்குக் கீழே சாமான் போட்டு வைத்திருந்த ஒரு பழைய காம்பராவின் சாவி அவள் கையில் இருந்தது.

இரண்டாம் ஞாயிறு, புதுருவாகலவுக்குப் போக வேண்டிய நாள், மாமாவின் ஆட்டோ அரிசிப் பெட்டியையும் பாத்திரங்களையும் சாமி படங்களையும் ஏற்றியது. நான் ஆட்டோவின் முன்னால் நின்று மறித்தேன். திட்டத் தாளை விரித்துக் காட்டினேன். இன்னும் மூன்று இடம் பாக்கி என்று கத்தினேன். பக்கத்துக் காம்பரா அத்தை, "யானை பாக்கப் போனவளுக்குக் காத்துக் கருப்பு அண்டிருச்சு" என்று வாசலில் நின்று சொன்னாள். அப்பா மாட்டின் கயிற்றைப் பிடித்தபடி எந்தப் பக்கமும் சேராமல் நின்றார்.

அம்மா தலையில் துணி மூட்டையோடு என் அருகில் வந்தாள்.

"ஒரு எடத்துல தங்கி நாலு எடம் பாக்கணும்னுதானே எழுதியிருக்க? தங்குற எடம் இருக்கணும்ல மொதல்ல. ஏறு."

நான் ஏறவில்லை. ஆட்டோவுக்குப் பின்னால் அழுதுகொண்டே நடந்தேன்.

அதோடு அவள் விடவில்லை. மழைக் காலம் தொடங்கியதும், வேலை விட்டு வரும்போதெல்லாம் பழைய லயத்துக்குப் போய், மழை வலுத்தால் பள்ளிக்கூடத்துக்குப் படுக்கப் போங்கள் என்று காம்பரா காம்பராவாகச் சொன்னாள். சிரித்தவர்களும் நச்சரிப்பு தாங்காமல் போனார்கள். ஐப்பசியில் ஒரு விடியற்காலை அந்தச் சிவப்பு வளைவு கீழே இறங்கி வந்தது. எங்கள் அடுப்படியும் அடுத்த இரண்டு காம்பராவும் மண்ணுக்குள் போயின. உள்ளே யாரும் இல்லை. காத்துக் கருப்பு என்று சொன்ன அத்தை, பள்ளிக்கூடத்து வாங்குப் பலகையில் அம்மாவின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

மீதி மூன்று இடங்களில் இரண்டைப் பின்னாளில் பார்த்துவிட்டேன். மரப்பாலம் இன்னும் பாக்கி.

ஆனால் என் மனதில் அடிக்கடி வருவது மழை நாள் அல்ல, அதற்கு முந்திய செப்டம்பரில் பள்ளிக்கூடம் திறந்த நாள். சேர் மறக்காமல் போட்டோ கேட்டார். பண்டாரவளையில் பிரிண்ட் போட்டு வாங்கிய அந்த ஒரே படத்தை நீட்டினேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எங்கடா யானை?"

நான் எழுந்து நின்று, நிறுத்தி, திருத்தமாகச் சொன்னேன்.

"எங்கம்மாவுக்கு யானை எந்தப் பக்கம் நிக்குதுன்னு தெரியல, சேர்."

வகுப்பே சிரித்தது. எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவன் நான்தான். மழை வர இன்னும் ஆறு வாரம் இருந்தது.