உறைந்த ஆற்றில் மரத்தூள்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு நில அளவையாளரின் அலுவலகத்தில் நானும் என் தோழியும் வரைபடங்களைப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தோம். பிரதியின் மூலையில் எங்கள் பெயரைப் பென்சிலில்தான் எழுதுவோம். முதலாளி சரிபார்த்து மையில் கையெழுத்திட்டதும் அது அழிக்கப்படும்.

கிள்ளானில் ஒரு பெண்கள் பள்ளியில் ஓவிய ஆசிரியை வேலை காலியானது. பிறர் போட்ட கோட்டின் மேல் கோடு போட்டே மூன்று வருடம் போயிருந்தது. அந்த வேலை எனக்கு வேண்டும். விண்ணப்பத்துடன் நீர்வண்ண ஓவியம் ஒன்று கேட்டிருந்தார்கள். தலைமையாசிரியை வெள்ளைக்காரர், அவர் கொடுத்த தலைப்பு, உறைந்த ஆற்றின் மேல் ஒரு நாள்.

முதலில் பட்டியல் போட்டேன்: சறுக்கும் பிள்ளைகள், துளையிட்டு மீன் பிடிப்பவர், விறகு வண்டி, துணிமூட்டையோடு ஒரு பெண். வெள்ளை வண்ணத்தைத் தொடவில்லை; தாளின் வெண்மையையே பனிக்கட்டியாக விட்டேன். நான் பார்த்த ஒரே பனிக்கட்டி பாசாரில் ஐஸ்காரர் விற்பது. அது உருகாமலிருக்க மேலே மரத்தூள் போட்டிருப்பார். ஆகவே கரையோரம் மரத்தூளும் தூவினேன். கை பழகியபடி பெயரைப் பென்சிலில் எழுதினேன்.

கடைசித் தேதிக்குள் நேரில் கொடுத்துவர எனக்கு லீவு கிடைக்கவில்லை. என் தோழிக்குக் கிடைத்தது. "நான் குடுத்துட்டு வரேன்லா, ரயில் ஏறினா கிள்ளான்தானே" என்றாள்.

பதில் வரவில்லை. ஒரு திங்கட்கிழமை அவளும் வரவில்லை. கிளார்க் சொன்னார்: "அவங்க கிள்ளான்ல டீச்சராயிட்டாங்களே. ஒங்ககிட்டகூட சொல்லலையா?"

அடுத்த சனிக்கிழமை போனேன். தலைமையாசிரியையின் அறைச் சுவரில் என் ஓவியம். என் பென்சில் இருந்த இடத்தில் மையில் அவள் பெயர். அது என்னுடையது என்றேன். அவர் அவளை வரவழைத்து, கரையோரப் பழுப்பைக் காட்டி, இது என்ன என்று கேட்டார்.

"மரத்தூள்" என்றேன்.

"வைக்கோல். நடக்கிறவர்கள் வழுக்காமலிருக்க" என்றாள் அவள்.

தலைமையாசிரியை சிரித்தார். ஆற்றில் மரத்தூளுக்கு என்ன வேலை, தம் ஊரில் வைக்கோல்தான் போடுவார்கள் என்றார்.

வாசல்வரை அவள் கூடவே வந்தாள். "ஒனக்கு அப்பா இருக்காருடி. எங்க வீட்டுல சம்பாதிக்க நான் ஒருத்திதான்."

"வைக்கோல்னு யாரு சொன்னா?"

"படத்த வாங்கினப்பவே அந்தம்மா கேட்டாங்க, வைக்கோலான்னு. ஆமான்னுட்டேன்."

திங்கட்கிழமை ஒரு பிரதியை முடித்தேன். பெயர் எழுத மைப்பேனாவை எடுத்தேன்.

"பென்சில்" என்றார் முதலாளி, தலை நிமிராமல்.