பசுவின் நெற்றிப் பொட்டு

ஈரத்துணியால் ஒருமுறை துடைத்தால் போகும் பொட்டை, போகாது என்று சொன்னேன். அந்தப் பொய்யால் ஒரு மனிதர் வைத்தியமில்லாமல் இறந்தார்.

பொட்டு இருந்தது ஓர் ஆங்கில ஓவியத்தில். மானிப்பாயில் எங்கள் பக்கத்து வீட்டு விறாந்தையில் அது தொங்கியது. ஊரைவிட்டுப் போன வெள்ளைக்கார மருத்துவர் ஒருவர் அந்த வீட்டு அக்காவின் தகப்பனுக்குக் கொடுத்தது. ஓக் மரம், ஓடை, தண்ணீருக்குக் குனியாமல் பார்ப்பவரையே பார்த்து நிற்கும் ஒரு செவலைப் பசு. எண்ணெய்ச் சாயம் நூறு வருடத்துக்கு மேல் பழுத்துத் தேன் நிறமாகியிருந்தது. நான் ஆங்கில ஆசிரியன். புல்வெளியையும் ஓடையையும் முப்பது வருடம் வகுப்பில் விளக்கியவன். அவற்றைக் கண்ணால் கண்டது அந்தப் படத்தில் மட்டும்.

அக்காவின் கணவருக்கு, நான் அண்ணை என்று அழைத்தவருக்கு, இருதய நோய். கொழும்பில் சத்திரசிகிச்சை செய்ய வேண்டும். விற்க அந்தப் படத்தைத் தவிர ஒன்றுமில்லை. பழைய ஓவியங்கள் வாங்கும் கொழும்புக்காரர் ஒருவர், பழுதில்லை என்றால் நல்ல விலை தருவதாக எழுதியிருந்தார். அதன் நிலையை ஆங்கிலத்தில் எழுதிக்கொடுக்க என்னைக் கூப்பிட்டார்கள். போரால் தரைப்பாதை அடைபட்டிருந்ததால், கடிதம் கொண்டுபோகிறவர் மறுநாள் கிளாலியில் கடலேரியைக் கடக்கப் படகேற இருந்தார்.

"உந்த மாடு பால் தராட்டிலும் என்னைக் கொழும்புக்கு இழுத்துக்கொண்டு போகும், மாஸ்டர்" என்று அண்ணை மூச்சுவாங்கச் சிரித்தார்.

கிட்டப் போய்ப் பார்த்தேன். பசுவின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும். அவர்களுடைய பசு ஷெல் விழுந்து செத்திருந்தது. மாட்டுப் பொங்கலன்று வெறும் கொட்டிலைப் பார்க்கச் சகிக்காமல் அக்கா இதற்குப் பொட்டு வைத்திருந்தார்.

"உது பழுதோ, மாஸ்டர்?"

மேலே விமானம் சுற்றிக்கொண்டிருந்தது. அது எனக்குக் கேட்கவேயில்லை. படம் போய்விடும் என்பது மட்டுமே மனத்தில் இருந்தது.

"சாயத்துக்குள்ளை ஊறிப்போச்சு, அக்கா. இனி ஒருத்தரும் வாங்காயினம்."

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டார். அண்ணைதான் தேற்றினார்: "விடப்பா. மாடெண்டால் பொட்டு வைக்கத்தானே வேணும்."

கடிதம் எழுதப்படவில்லை. ஒரு வாரம் கழித்து, ஒரு மூட்டை அரிசிக்குப் படத்தை நானே வாங்கினேன். அன்றே துடைத்தேன். பொட்டு துணியோடு வந்தது. அப்போதாவது ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சித்திரைக்கு முன் அண்ணை இறந்தார்.

தொண்ணூற்றைந்தில் ஊரே இடம்பெயர்ந்தபோது, சட்டத்தைக் கழற்றிப் படத்தைச் சுருட்டிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனேன். சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் அக்காவைக் கண்டுபிடித்து, மேசையில் விரித்து வைத்தேன். அவர் பசுவைத்தான் பார்த்தார்.

"பொட்டு எங்கை, மாஸ்டர்?"

"ஈரத்துணியாலை ஒருக்காத் துடைச்சன். போயிட்டுது."

"எப்ப?"

"வாங்கின அண்டைக்கே."

அவர் அழவில்லை. நானே கொழும்புக்குக் கொண்டுபோய் விற்றுக் காசைக் கொண்டுவருகிறேன் என்றேன்.

"இனி ஆருக்கு?"

நிமிர்ந்தபோது அவருடைய வெறும் நெற்றியைப் பார்த்தேன். படத்தைத் தானே சுருட்டி என் கையில் வைத்தார். "நீங்களே வைச்சிருங்கோ. ஆசைப்பட்டதுதானே."

படம் இப்போது என் கட்டிலுக்கு எதிரே இருக்கிறது. சுருட்டியதில் ஓடையின் குறுக்கே சாயம் வெடித்துவிட்டது. பசுவுக்கு ஒன்றும் ஆகவில்லை, என்னையே பார்க்கிறது. மாட்டுப் பொங்கல் வந்தால் குங்குமச் சிமிழோடு எதிரே போய் நிற்கிறேன். கை எழும்புவதில்லை.