பதினேழாவது அறை

முழங்கால் அறுவைக்குப் பிறகு மகள் என்னைச் சிதம்பரத்தில் தன் வீட்டு இரண்டாம் மாடியில் கொண்டுபோய் வைத்தாள். முப்பத்தெட்டுப் படிகள். லிப்ட் கிடையாது. ஐம்பத்தொரு நாளாக நான் இறங்கவில்லை.

கடலூரில் இருக்கும் மச்சான், என் மனைவியின் தம்பி, ஓய்வு பெற்றதிலிருந்து என்னோடு கணினிப் பாதுகாப்புப் போட்டிகளில் கலந்துகொள்கிறவர். நாங்கள் இருவர்தான் அணி. இந்த முறை இறுதிச்சுற்று கடலூரிலேயே, ஒரு கல்லூரியில். "ஃபைனல் வந்தா நானே கார்ல கூட்டினு போறேன். இல்லன்னா டாக்டர் சொல்றவரைக்கும் படிப்பக்கம் போவக் கூடாது" என்றாள் மகள்.

இறுதிச்சுற்றுக்குப் போக இன்னும் கடைசிக் கேள்வி பாக்கி. மாலை நான்கு மணி வரை நேரம். ஒரு புரோகிராம், அதற்குள் கேள்வி தயாரித்தவர் கற்பனையாகச் செய்த ஒரு கணினி. அதன் கட்டளைகளுக்குப் பொருள் எங்கும் எழுதியிருக்காது. நாமே கண்டுபிடித்து, ஓர் ஓட்டையைப் பிடித்து, வெளியே உள்ள நிஜக் கணினிக்கு வந்து, அங்கே ஒளித்துவைத்த சொல்லை எடுக்க வேண்டும்.

இருபத்து மூன்று கட்டளைகளுக்கும் பொருள் கண்டாயிற்று. நினைவகத்தில் பதினாறு அறைகள். நோட்டில் ஒன்று முதல் பதினாறு வரை எண் போட்டிருந்தேன். பதினாறைத் தாண்டி எழுதினால் அது மறுத்தது. ஏழு முறை சரிபார்த்தேன். ஓட்டையே இல்லை. மணி மூன்று பத்து. கால் வேறு வலித்தது.

போனில் மச்சான், "மாமா, ஒண்ணுன்னு போட்டா ரெண்டாவது அறையில இல்ல உழுவுது?" என்றார்.

"ஒண்ணுலேர்ந்துதான் எண்ணுவாங்க, மச்சான்."

"மனுசன் எண்ணுவான். மெஷினுக்குப் பூஜ்யம். எத்தினி வருசமா சொல்றேன்!"

அத்தனையையும் அடித்துவிட்டுப் பூஜ்யத்திலிருந்து எழுதினேன். கடைசி அறைக்குப் பதினைந்து வந்தது. பதினாறு தனியாக நின்றது. இல்லாத பதினேழாவது அறை. ஆனால் எழுத அனுமதி உண்டு. அதைச் செய்தவரும் என்னைப் போலவே எண்ணியிருக்கிறார். அதனால்தான் என் கண்ணுக்குத் தப்பியது.

அந்த இடத்தில், வேலை முடிந்ததும் நிஜக் கணினி அடுத்து எங்கே போக வேண்டும் என்ற முகவரி இருந்தது. அதன்மேல் எங்களுக்கு வேண்டிய முகவரியை எழுதினோம். மூன்று ஐம்பத்து நான்குக்குச் சொல் திரையில் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மகளின் தோளைப் பிடித்து இறங்கினேன். ஒவ்வொரு படியாக எண்ணினேன். முப்பத்தேழுதான் வந்தது. பூஜ்யத்தில் தொடங்கினேனா, ஒன்றிலா? கீழே நின்றுவிட்டேன்.

"திரும்ப ஏறப் போறீங்களாப்பா?" என்றாள்.

காரில் உட்கார்ந்தேன். கடலூர் வந்துசேரும் வரை அந்த மாடிப்படியிலேயே இருந்தேன்.