டீ இல்லாத லயம்

என் வீட்டுக்காரருக்குத் தொண்டையில் புற்றுநோய். டாக்டர் பீடியை விடச் சொன்னார். "டீ குடிச்சா கை தானா பீடியத் தேடுதே" என்றார் இவர்.

உடனே டீயை நிறுத்தினேன். இவர் கண்ணில் படக்கூடாதென்று எங்கள் எஸ்டேட் லயத்தில் ஒரே வரிசையாக ஒட்டியிருக்கிற எட்டு வீடுகளும் நிறுத்தின. பகலெல்லாம் தேயிலை பறிக்கிற நாங்கள் டீயில்லாமல் தலைவலியோடு ஒருத்தியை ஒருத்தி கடித்துக் குதறினோம். எங்களை வேலை வாங்குகிற கங்காணியே எங்களைக் கண்டு ஒதுங்கினார்.

நாலாம் நாள் இவரே பெரிய பானையில் டீ போட்டு வாசலில் வைத்தார். "குடிச்சுத் தொலைங்க! ஒங்க மூஞ்சியப் பாக்க முடியல."

தானும் ஒரு டம்ளரை இடது கையில் எடுத்தார். பீடி பிடிக்கிற வலது கை சும்மா இருந்தது. லயமே அதை உற்றுப் பார்த்தது. அந்தக் கையை என்னிடம் நீட்டினார். "புடிச்சுக்கடி."

பிடித்தேன். குலவை போட்டார்கள், பாவிகள்! இன்றும் டீ வேளையில் என் சோற்றுக்கை அவரிடம்தான். நான் இடது கையால் குடிக்கிறேன்.